நீர்த்தாரை மெலிந்தால்...

கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் எஞ்சின் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை ஆலப்புழைக் கடற்கரையில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் அது இன்னும் ஆபத்து. அதே மழைக்காலம்தான் சம்பாதிக்கும் காலமும்கூட. 1988 முதல் கேரளத்தில் மழைக்காலம்தோறும் விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை இருக்கிறது. அந்த வாரங்களில் கடல் பெரும்பாலும் வள்ளங்களுக்குச் சொந்தம்.

1980களில் இந்த வள்ளங்களில் அவுட்போர்டு மோட்டார் ஏறியது. பெட்ரோலில் கிளப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது வழக்கமானது. புது மோட்டார் வாங்க முடியாதவர்கள் கைமாறி வந்த பழைய மோட்டாரை நம்பிக் கடலுக்குப் போகிறார்கள். பழைய மோட்டார்களை அதிகம் பாழாக்குவது, குளிர்விக்கும் நீர் சரியாக ஓடாமல் போவது.

கார் எஞ்சினுக்கு இருப்பதுபோல் இதற்கு ரேடியேட்டர் கிடையாது. கடல்நீர்தான் எஞ்சினைக் குளிர்விக்கிறது. புரொப்பல்லருக்கு மேலே உள்ள சல்லடைத் துளைகள் வழியாக நீர் உள்ளே வருகிறது. இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம் அதை மேலே தள்ளுகிறது. எஞ்சினைச் சுற்றிவந்த நீர் புகையோடு வெளியேறுகிறது. அதில் ஒரு பங்கு பக்கவாட்டில் மெல்லிய தாரையாகப் பீச்சும். வள்ளம் ஓட்டுபவரின் ஒரு கண் எப்போதும் இந்தத் தாரைமேல் இருக்க வேண்டும். அது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். 'கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டினால் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

அனுபவமுள்ள மெக்கானிக் செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவார். முதலில் தாரை வெளிவரும் துளை. அதில் மணலோ உப்போ அடைத்திருந்தால் மெல்லிய கம்பியே போதும். அடுத்து, நீர் உள்ளே வரும் சல்லடை. பாசி, வலைத் துண்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் அங்கேதான் சிக்கும். இரண்டும் சுத்தமாக இருந்தால் கீழ்ப்பகுதியைக் கழற்றி இம்பெல்லரைப் பார்க்க வேண்டும்.

பழைய மோட்டாரில் சிரமம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உப்பில் ஊறிய போல்ட்டுகள் அலுமினிய உறையோடு ஒட்டிப்போயிருக்கும். அவசரப்பட்டுத் திருகினால் தலை முறியும். எண்ணெய் விட்டு, காத்திருந்து, தேவையானால் லேசாகச் சூடுகாட்டித்தான் கழற்ற வேண்டும்.

இம்பெல்லரின் இதழ்கள் வளைந்தபடியே இறுகியிருந்தாலோ, ஓரம் வெடித்திருந்தாலோ மாற்றிவிட வேண்டும். இதழ் உடைந்திருந்தால் கிடைத்த துண்டுகளை எண்ணிப் பார்ப்பது அவசியம். ஒரு துண்டு குறைந்தாலும் அது மேலே நீர்வழியில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை. கடற்கரை மணல் உள்ளே போய்ப் பம்பின் உறையையும் அடித்தட்டையும் கீறியிருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். திரும்பப் பொருத்தும்போது ஷாஃப்ட்டை அது சுழலும் திசையிலேயே திருப்பி இதழ்களை மடக்க வேண்டும். நீர்க்குழாய் தன் ரப்பர் வளையத்தில் சரியாக உட்காராவிட்டால் பார்த்த வேலையெல்லாம் வீண்.

தாரை நன்றாக வருகிறது, ஆனாலும் எஞ்சின் கொதிக்கிறது என்றால்? பல மாடல்களில் நீர் எஞ்சின் முழுவதையும் சுற்றுவதற்கு முன்பே தாரைக்குப் பிரிந்துவிடும். ஆகவே தாரையை மட்டும் நம்பிவிடக்கூடாது. தெர்மோஸ்டாட் உப்பேறி மூடியபடி நின்றிருக்கலாம். வெந்நீரில் போட்டுப் பார்த்தால் திறக்கிறதா என்று தெரிந்துவிடும். திறந்தால், அடுத்த சந்தேகம் சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகளில் படிந்த உப்பின்மேல். சோதிப்பதற்காகக்கூடத் தண்ணீரில்லாமல் எஞ்சினை ஓட்டக்கூடாது. சில விநாடிகளிலேயே ரப்பர் தேயத் தொடங்கும். பம்பு முழுகும் அளவுக்கு நீர் நிறைந்த டிரம்மில் வைத்தே ஓட்ட வேண்டும்.

உப்பு படியாமல் தடுக்க வழி எளிது: கடலிலிருந்து திரும்பியதும் நன்னீரில் சில நிமிடங்கள் எஞ்சினை ஓட்டுவது. ஆனால் குடிநீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் கடலோரக் குடியிருப்புகளில் ஒரு டிரம் நன்னீரை எஞ்சினுக்கு ஒதுக்க யாருக்கு மனம் வரும்? கழுவுவது நாளைக்கு என்று தள்ளிப்போகிறது. உப்பு மட்டும் தள்ளிப்போவதில்லை.

தினமும் கழுவ முடியாதவர்கள் இதையாவது செய்யலாம்: மழைக்காலம் தொடங்குமுன் மே மாதத்திலேயே இம்பெல்லரை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுவது. கழற்றிய போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவி மாட்டினால் அடுத்த ஆண்டு அவை முறியாமல் கழலும். ஒரே மோட்டாரை நம்பிப் போகும் சிறு வள்ளத்துக்கு இந்த ஒரு நாள் வேலை, ஜூலை மாதக் கடலில் துடுப்பும் கையுமாகத் தவிப்பதைத் தவிர்க்கும்.