கூப்பும் கரங்கள் நோகாதிருக்க...

தாமிரபரணியில் நீராடி, ஈர ஆடையுடன் குறுக்குத்துறைப் படிகளில் ஏறும் முதியோர், பாசியில் கால் வழுக்கினால் என்ன நேரும்? விழும் கணத்தில் கை தானாகவே முன்னே ஊன்றும். உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். முதுமையில் எலும்பின் உறுதி குறைந்திருக்கும், சிறப்பாகப் பெண்களுக்கு. ஆதலால் மணிக்கட்டு எளிதில் முறிந்துவிடுகிறது.

மாவுக்கட்டுப் போட்டால் பெரும்பாலும் ஆறு வாரங்களில் எலும்பு கூடிவிடும். ஆயினும் சிலருக்கு அதன் பின்னரும் வலி ஓய்வதில்லை. கை வீங்கும், தோலின் நிறம் மாறும், தொட்டாலே எரியும், விரல்கள் விறைக்கும். பூத்தொடுக்கவோ, சந்நிதியில் இரு கரம் கூப்பவோ இயலாத நிலை மாதக்கணக்கில் நீளும். மருத்துவர்கள் இதனைச் 'சி.ஆர்.பி.எஸ்.' என்பர்.

இதனை வைட்டமின் சி தடுக்குமா? நெதர்லாந்து மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கட்டு முறிந்தோருக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வீதம் 50 நாட்கள் இம்மாத்திரை தரப்பட்டது. அவர்களுள் 7 விழுக்காட்டினருக்கே இந்நோய் கண்டது. மருந்தில்லா மாத்திரை உண்டோருள் 22 விழுக்காட்டினருக்குக் கண்டது. 2007இல் வெளியான அவர்களது பெரிய ஆய்வும் பயன் உண்டென்றே உரைத்தது. எனினும், எடின்பரோவில் 336 பேரிடம் நிகழ்த்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில் அப்பயன் காணப்படவில்லை.

ஆகவே, மருத்துவர் எழுதித் தந்தால் அந்த அளவில் உண்ணலாம். அதனை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது. சிறுநீரகக் கல் உடையோர் மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

துவாதசிப் பாரணையில் நெல்லிக்காய் சேர்ப்பது முன்னோர் வகுத்த வழக்கம். நெல்லியிலும் கொய்யாவிலும் இச்சத்து மிகுதி. கொதிக்க வைத்தால் குறையும். அன்றாட நலத்திற்கு இவை நன்று. ஆனால் ஆய்வுகளில் தரப்பட்டது அளந்த மாத்திரையே என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

மாத்திரையினும் முதன்மையானது பயிற்சி. மருத்துவர் தடுக்காவிடில், கட்டுப் போட்ட நாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்டுதல் வேண்டும். முதல் சில நாட்கள் கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்தால் வீக்கம் தணியும். கட்டு இறுகி விரல்கள் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி நாளுக்கு நாள் மிகுந்தாலோ, கட்டுப் பிரிக்கும் நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

ஆற்றில் இறங்கும்போது ஒரு கை துணைக்கு வந்தவரைப் பற்றியிருக்கட்டும். அவ்வாறாயின், நெல்லையப்பர் சந்நிதியில் இரு கரங்களும் வலியின்றிக் கூப்பும்.