ஐரிஷ் காலைப் பொரியலும் நமது அருவருப்பும்

ஐர்லாந்து தேசத்துக்குச் சென்றிருந்த சமயம் நாம் டப்ளின் நகரில் ஒரு விதவையம்மாள் நடத்தும் சிறு விடுதியில் தங்கியிருந்தோம். முதல் நாள் காலையில் அவ்வம்மாள் நம் முன் கொண்டுவந்து வைத்த தட்டைப் பார்த்ததும், இது ஓர் ஆளுக்கா அல்லது ஒரு குடும்பத்துக்கா என்கின்ற சந்தேகமே நமக்கு உண்டாகிவிட்டது. உப்பிட்டுப் பதம் செய்து பொரித்த பன்றிக்கறித் துண்டுகள் (அதற்கு அங்கே ராஷர் என்று பெயர்), சாசேஜ் இரண்டு, முட்டை இரண்டு, பாதியாய் அறுத்து வாட்டிய தக்காளி, காளான், பிறகு வெள்ளையாய் இரண்டு வட்டம், கருப்பாய் இரண்டு வட்டம். பக்கத்தில் சோடா ரொட்டியும் வெண்ணெயும், ஒரு பெரிய கெண்டி நிறையத் தேநீரும். வடக்கே அல்ஸ்டர் பக்கத்தில் இவற்றோடு உருளைக்கிழங்கு ரொட்டியையும் பொரித்துப் போடுவது வழக்கமாம்.

கருப்பு வட்டம் என்னவென்று கேட்டோம். பன்றியின் இரத்தம், ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம் இவற்றைக் கலந்து குடலில் அடைத்து வேகவைத்தது. பிளாக் புட்டிங் என்பார்கள். வெள்ளை வட்டத்தில் இரத்தம் இல்லை. அவ்வளவுதான் சொன்னார். நமது கை நின்றுவிட்டது.

தோழர்களே! இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். இருபது வருஷ காலமாய் மேடை ஏறி, தீட்டு என்பதும் ஆச்சாரம் என்பதும் பித்தலாட்டம் என்று தொண்டை கட்டப் பேசி வருகிறவர்கள் நாம். ஆனாலும் கை நின்றது.

அது பிறவியில் வந்த அருவருப்பா என்றால் இல்லை. நமது கிராமத்தில் ஆடு அறுத்தால் இரத்தத்தைச் சட்டியில் பிடித்து, சின்ன வெங்காயமும் மிளகாயும் போட்டு நமது தாயார் வதக்கித் தருவார். அதற்காக நாமும் தமையனாரும் அடித்துக்கொண்டதுண்டு. பிறகு பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, பக்கத்தில் இருந்த உயர்ந்த ஜாதிப் பையன் ஒருவன், "உங்கள் வீட்டில் இரத்தங்கூடத் தின்பீர்களாமே?" என்று கேட்டான். இல்லையென்று பொய் சொன்னோம். அன்று முதல் அதைத் தொட்டதில்லை. பன்றியைப்பற்றியோ கேட்கவே வேண்டாம். அதைத் தின்பவனை எட்ட நிற்கச் சொல்வதுதானே நமது நாட்டு வழக்கம்? ஆகவே டப்ளினில் நமது கையைப் பிடித்தது நாக்கல்ல, வயிறல்ல. அந்தப் பள்ளிக்கூடத்துப் பையனேயாவான்.

அம்மாள் நாம் தயங்குவதைக் கண்டு, "இது எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துச் சாப்பாடு, ஐயா" என்றார். பாட்டன் பூட்டன் என்றால் சும்மா விடுகின்றவர்களா நாம்? தினமும் தின்றார்களா என்று கேட்டோம். அவர் சிரித்து, "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகுதான், மற்ற நாளில் ஓட்ஸ் கஞ்சி" என்றார்.

உண்மை அதுதான். தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ரொட்டியில் சோடா உப்புப் போடுவது 19-வது நூற்றாண்டில் வந்தது. தேயிலை சீனாவுடையது, பிறகு அஸ்ஸாமுடையது. பீன்ஸை இத்தட்டில் சேர்க்கலாமா கூடாதா என்று இன்றும் அங்கே சண்டை நடக்கின்றது. நாம் அச்சண்டையில் தலையிடவில்லை. பன்றியோவென்றால் ஏழைக் குடியானவன் வளர்த்தானே ஒழியத் தின்றவனல்ல. அதை விற்றுத்தான் நிலக்காரனுக்குக் குத்தகை கட்டினான். அதனாலேயே பன்றிக்கு "குத்தகை கட்டும் கனவான்" என்று வேடிக்கைப் பெயர்.

1841-ல் அந்தத் தேசத்து ஜனத்தொகை 80 லட்சத்துக்கு மேல். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் விழுந்தது. சில வருஷங்களுக்குள் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். ஏறக்குறைய அவ்வளவு பேர் கப்பலேறிப் போனார்கள். அதே வருஷங்களில் தானியமும் வெண்ணெயும் பன்றிக்கறியும் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டேயிருந்தன. பஞ்ச நிவாரணத்தை லண்டனிலிருந்து நடத்திய சார்லஸ் டிரெவெலியன் என்னும் அதிகாரி, இது ஈசுவர சித்தம் என்று எழுதினார். குத்தகைக்கும் கப்பலுக்கும் பொறுப்பில்லை, கடவுளுக்குத்தான் பொறுப்பு! இந்தக் கனவானே 1859-ல் நமது சென்னைக்குக் கவர்னராய் வந்து சேர்ந்தார்.

பாதிரிமார் சங்கதியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பூசையில் அப்பம் வாங்குகிறவன் நடு இராத்திரி முதல் பச்சைத் தண்ணீரும் தொடக்கூடாது என்று சட்டமிருந்தது. பூசைக்குப் பிறகு இவ்வளவு பெரிய தட்டு ருசிப்பதில் என்ன ஆச்சரியம்? 1953-ல் போப்பு தண்ணீர் குடித்தால் விரதம் கெடாது என்றார். 1957-ல் விரதம் மூன்று மணி நேரமாயிற்று. 1964-ல் ஒரு மணி நேரமாயிற்று. வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கையும் அந்தந்த நாட்டு பிஷப்புகள் மாற்றிக்கொள்ளலாமென்று 1966-ல் உத்தரவு வந்தது. 1952-ல் கெட்டுப்போன விரதம் 1953-ல் கெடவில்லையென்றால், மாறினது தண்ணீரா, கடவுளா?

இத்தட்டைத் தினமும் தின்னும்படி நாம் யாருக்கும் சிபாரிசு செய்ய வரவில்லை. உப்பும் கொழுப்பும் மிகுதி. இப்படிப் பதம் செய்த இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகின்றவைகளில் ஒன்றென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-ல் தீர்மானித்திருக்கின்றது. இது காரணம். இதற்காக ஒருவன் தட்டைத் தள்ளினால் நாம் தலை வணங்குவோம். தின்கிறவனைத் தள்ளினால்தான் கேட்போம்.

நிற்க, நாம் என்ன செய்தோமென்று வாசகர்கள் கேட்கலாம். கருப்பு வட்டத்தில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டோம். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து, மிளகு வாசனை. நமது தாயாரின் சட்டி நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் சமைத்ததில் காரம் அதிகம். இரண்டாவது வட்டத்தையும் தின்றோம். அம்மாள் இன்னும் வேண்டுமா என்றார். வயிற்றில் இடமில்லை, தேநீர் மட்டும் போதுமென்றோம்.