தாயின் ரத்தமும் கூலியும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையை நம் வாசகர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். மில்லில் ஷிப்டு பார்க்கும் பெண்ணின் வீட்டிலும் அது இருக்கிறது. நாற்று நடும் பெண்ணின் குடிசைக் கூரையிலும் அது செருகிக் கிடக்கிறது. அந்த மாத்திரையில் இரும்புச் சத்து இருக்கிறது. அதோடு போலிக் அமிலம் என்ற இன்னொரு சத்தும் இருக்கிறது. இப்படி ஒரு சத்து உண்டு என்பதை உலகம் எப்படி அறிந்தது? பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களின் வெளுத்துப்போன ரத்தத்திலிருந்துதான் அறிந்தது.

இந்தக் கதையை உழைக்கும் மக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ரத்தத்தைப் பரிசோதித்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1888இல் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவர இயலும் மண்ணியலும் படித்துத் தேறினார். ஆனால் பெண் என்பதால் அவருக்குப் பட்டம் இல்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுக்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1948 வரை மனம் வரவில்லை! பின்னர் லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1920இல் டாக்டரானார். பணக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பணம் சேர்க்கும் வழியை அவர் தேடவில்லை. ராயல் ப்ரீ ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

1928இல் அவர் பம்பாய்க்கு வந்தார். இந்தியாவில் பிரசவத்தில் தாய்மார்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. காரணத்தைக் கண்டறிய ஒரு விசாரணை தொடங்கியது. அதில் பங்கெடுக்கும்படி டாக்டர் மார்கரெட் பால்பர் அவரை அழைத்தார். பம்பாய் ஹாப்கின் இன்ஸ்டிடியூட்டில் அவருக்கு இடம் கிடைத்தது.

1928ஐ பம்பாய்த் தொழிலாளி வர்க்கம் மறக்க முடியாது. கூலி வெட்டையும் ஆட்குறைப்பையும் எதிர்த்து, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வேலை நிறுத்தம் செய்த ஆண்டு அது. ஒரு பக்கம் தொழிலாளி வயிற்றுச் சோற்றுக்காகத் தெருவில் நின்றான். இன்னொரு பக்கம், அதே நகரத்தில், அந்தச் சோறு கிடைக்காததால் தாயின் உடலுக்கு என்ன நேர்கிறது என்று ஒரு டாக்டர் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என்ன பார்த்தார்? கர்ப்பிணிகளின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. இருந்தவையும் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. இந்தக் கடும் ரத்த சோகை வந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கும், கால் வீங்கும், பிரசவத்தைத் தாங்கும் சக்தி இருக்காது. பலர் மாண்டார்கள்.

வில்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தோடு நின்றுவிடவில்லை. டாக்டர் தல்பாடேயுடன் சேர்ந்து, பம்பாய்ப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறார்கள் என்றும் ஆராய்ந்தார். விடை அங்கேதான் இருந்தது. யார் தட்டில் காய்கறியும் பழமும் சத்தான உணவும் இல்லையோ, அவர்களைத்தான் நோய் பிடித்தது. இது ஏழையின் வியாதி என்பது வெட்டவெளிச்சமாயிற்று.

மருந்து எது? ஒரு வகை ரத்த சோகைக்கு ஈரல் கொடுத்தால் குணமாகிறது என்று அமெரிக்க டாக்டர்கள் 1926இல் கண்டிருந்தார்கள். ஆனால் நாள்தோறும் ஈரல் வாங்க மில் தொழிலாளியின் மனைவிக்கு ஏது காசு? மலிவான பொருளை வில்ஸ் தேடினார். எலிகளையும் குரங்குகளையும் கொண்டு சோதனை செய்தார். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற கறுப்புப் பசை கடையில் கிடைத்தது. ரத்தம் செத்துக் கிடந்த குரங்கு அதைத் தின்று தேறியது. அதையே கர்ப்பிணிப் பெண்களுக்கும் கொடுத்தார். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்! 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை வெளியிட்டார்.

இந்த ஆராய்ச்சியில் தமிழ் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் அவர் வேலை செய்தார். 1931 தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில், நம் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் இடத்தில் இருந்தார்.

ஈஸ்ட்டில் இருந்த அந்தச் சத்து எது? அன்று பெயர் தெரியவில்லை. 'வில்ஸ் சத்து' என்றே அழைத்தார்கள். 1941இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அதைப் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்துப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் அதை ரசாயன முறையில் தயாரித்துக் காட்டிய குழுவின் தலைவர் யார் தெரியுமா? எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்திய குற்றத்துக்காக முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். பெண் என்று பட்டம் மறுக்கப்பட்டவர் தொடங்கிய வேலையை, கதர் அணிந்தவன் என்று பட்டம் மறுக்கப்பட்டவர் முடித்து வைத்தார். ஆதிக்கக்காரர்களின் முத்திரைக்காக விஞ்ஞானம் காத்திருப்பதில்லை.

வில்ஸ் 1947இல் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. ஜமைக்கா, பிஜி, தென்னாப்பிரிக்கா என்று ஏழை நாடுகளுக்குச் சென்று ரத்த சோகையை ஆராய்ந்தார். கடைசிப் பத்தாண்டுகள் லண்டன் செல்சீ வட்டாரத்தில் தொழிற்கட்சிக் கவுன்சிலராகப் பணியாற்றி, 1964இல் காலமானார். கருத்தரிக்கும் முன்பே இந்தச் சத்தைக் கொடுத்தால், முதுகெலும்பு மூடாமல் குழந்தை பிறக்கும் கொடுமையைப் பெருமளவு தடுக்கலாம் என்று 1991இல் நிரூபணமாயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, இன்று நிலைமை என்ன?

மருந்து தெரிந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் விலை சில காசுகள். ஆயினும் சர்க்காரின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்வதைக் கேளுங்கள்: 2015-16இல் இந்தியக் கர்ப்பிணிகளில் 100க்கு 50 பேர் ரத்த சோகையில் இருந்தார்கள், 2019-21இல் அது 52 ஆயிற்று. குறையவில்லை, ஏறியிருக்கிறது! பாதிக்கு மேற்பட்ட தாய்மார்கள் வெளுத்த ரத்தத்தோடு பிரசவத்துக்குப் போகிறார்கள்.

மாத்திரை இல்லாததாலா? மாத்திரை வந்துகொண்டுதான் இருக்கிறது. கீரையும் பயறும் முட்டையும் வாங்கக் கூலி போதவில்லை. கடைசி மாதம் வரை குனிந்து நட்டாக வேண்டும். நின்றே ஷிப்டு முடிக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதுதான் அவளுக்கு. இதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மில் வாசலில் உரிமை பேசும் தோழன், வீட்டில் மனைவியின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

வில்ஸ் பம்பாயில் இருந்தபோதே, 1929இல், பம்பாய் மாகாணத்தில் பிரசவ கால உதவிச் சட்டம் வந்தது. இந்தியாவில் அதுவே முதல் சட்டம். 2017இல் சம்பளத்துடன் கூடிய பிரசவ விடுமுறை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் இன்று ஒரு மிராசுதார் வயலிலும் நாளை இன்னொருவர் வயலிலும் நடவு நடுகிறவளுக்கு அந்த விடுமுறையைக் கொடுப்பது யார்? 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் உதவி என்று எழுதிவைத்தது. 2017இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 என்று சுருக்கியது. அதுவும் தவணை தவணையாக. தாயின் ரத்தத்திலும் சிக்கனமா?

நம் கோரிக்கைகள் இவை. விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கும் காண்ட்ராக்ட் பெண்ணுக்கும் பிரசவ காலத்தில் கூலி இழப்பை ஈடுசெய்யும் உதவி வேண்டும். சட்டம் சொன்ன தொகையாவது ஒவ்வொரு பிரசவத்துக்கும் முழுதாகக் கிடைக்க வேண்டும். ரேஷன் கடையில் அரிசியோடு பயறும் போதிய அளவு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் ரத்தப் பரிசோதனை தடையின்றி நடக்க வேண்டும்.

இவை கிடைக்கும்வரை மாத்திரையைக் கூரையில் செருகி வைக்கலாகாது. தாய்மார்களே, அதைத் தவறாமல் சாப்பிடுங்கள். மலம் கறுத்துப் போனால் பயப்படாதீர்கள். அது இரும்பின் நிறம். டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். நாள் தள்ளியதும் நர்ஸிடம் சொல்லுங்கள். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே போலிக் அமிலம் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. முருங்கைக் கீரையும் தட்டைப் பயறும் கிடைக்கும்போது முதல் பங்கு கர்ப்பிணிக்கே.

பம்பாய்த் தொழிலாளிப் பெண்களின் ரத்தம் உலகத்துக்கெல்லாம் ஒரு மருந்தைத் தந்தது. உலகம் முழுதும் தாய்மார்கள் அதனால் பிழைக்கிறார்கள். அந்தப் பெண்களின் பேத்திகள் மட்டும் இன்னும் வெளுத்த முகத்தோடு நடவு நடவும் மில்லுக்குப் போகவும் வேண்டுமா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் எழுப்புங்கள்; மாதரை முன்வரிசையில் நிறுத்தி எழுப்புங்கள்!