வீட்டின் உள்ளே ஒரு படிப்பு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒரு சகோதரர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். மருத்துவமும் வேண்டாம், கணினியும் வேண்டாம், ‘இன்டீரியர் டிசைன்’தான் படிப்பேன் என்கிறாளாம். சுவருக்குச் சாயமும் சன்னலுக்குத் திரையும் தேர்ந்தெடுக்க ஒரு கல்லூரிப் பட்டம் வேண்டுமா, வீண் விரயத்தை வளர்க்கும் தொழிலுக்கு நம் பெண்ணை அனுப்பலாமா என்று கேட்கிறார். மகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மகளுக்கு முன்பாகத் தகப்பனாருக்கே சொல்ல வேண்டியவை சில உண்டு என்று எனக்குப் படுகிறது.

இப்படிப்புக்கு நம்மிடையே ‘உள் அலங்காரம்’ என்று பெயர் வழங்கிவிட்டதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அலங்காரம் அதில் ஒரு சிறு பகுதி. மனித உடலின் அளவுகள், வெளிச்சமும் காற்றும் புகும் வழி, மரம், கல், துணி முதலிய பொருள்களின் இயல்பு, மின்சாரமும் தண்ணீரும் செல்லும் பாதை, செலவுக் கணக்கு ஆகியவையே பாடத்தின் பெரும்பகுதி. அழகு இவற்றுக்குப் பிறகு வருவது.

தாங்கள் வசிக்கும் பகுதியையே எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர், அயப்பாக்கம், திருமுல்லைவாயில், ஆவடி, பூந்தமல்லி என்று தோட்டமும் ஏரிக்கரையுமாக இருந்த இடங்களெல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்டன. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வசிக்கும் அறை ஒன்று குறைந்தது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ 102 சதுர அடி. பெண் வீட்டார் சீராக அனுப்பும் கட்டில் ஆறடிக்கு ஆறரை அடி. அதை உள்ளே போட்டதும் அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. அதன் பக்கத்தில் இரும்பு பீரோ, எதிரே கண்ணாடி மேசை. பிறகு மருமகள் தொழுகை விரிப்பை எங்கே விரிப்பாள்? (சீர் கேட்பதே தகாது என்பது வேறு கட்டுரைக்கு உரியது, இன்ஷா அல்லாஹ், அதையும் எழுதுவேன்.) விரயம் எங்கே நடக்கிறது என்பதை அச்சகோதரர் எண்ணிப் பார்க்கட்டும்.

குளியலறையைப் பாருங்கள். கழிப்பிடத்தோடு சேர்ந்த குளியலறைக்கு அதே தொகுப்பு வகுத்திருக்கும் சிறும அளவு 2.8 சதுர மீட்டர். அதற்குள் ஒரு நாளைக்கு ஐந்து வேளை உளூச் செய்ய வேண்டும். எழுபது வயது மூதாட்டி கால் கழுவுவதற்காக ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைக் கைகழுவும் தொட்டியின் மேல் தூக்கி வைக்கிறார். கீழே ஈரமான வழவழப்புத் தரை. தாழ்வாக ஒரு குழாயும், உட்கார ஒரு திண்ணைக்கல்லும், சொரசொரப்பான ஓடும் வைத்திருந்தால் போதும். கூடுதல் செலவு அதிகமில்லை. கழிப்பிடத்தின் திசையும் அப்படித்தான். சென்னையிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. வரைபடம் போடும்போதே கேட்டால் ஒரு கோட்டை மாற்றுவதோடு முடியும். கட்டி முடித்த பிறகு என்றால் தரையை உடைக்க வேண்டும். இதைக் கேட்கத் தெரிந்தவர் அவ்விடத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

இவையெல்லாம் வகுப்பில் கற்பிக்கப்படும் செய்திகள். குடியிருப்பு வீட்டில் மாடிப்படி ஒன்றின் உயரம் 19 செ.மீ.க்கு மேற்படலாகாது, கால் வைக்கும் அகலம் 25 செ.மீ.க்குக் குறையலாகாது. சமையல் மேடை, நின்று வேலை செய்பவரின் முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ஒட்டுப்பலகை, மற்ற இடங்களுக்கு ஐ.எஸ். 303 என்று இந்தியத் தரநிர்ணயமே பிரித்து வைத்திருக்கிறது. இது தெரியாமல் தொட்டியின் கீழ் மலிவுப் பலகையைப் பூட்டி, ஊறி உப்பிய பின் மாற்றுகிறவர்கள் எத்தனை பேர்!

இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919-2003) முஸ்லிம் வம்சாவழியில் வந்த தந்தைக்குப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, பிறகு வழக்கறிஞரானவர். கலைப் பட்டதாரியான எனக்கு அதில் ஒரு சிறு மகிழ்ச்சி. கட்டடக் கலையில் அவர் தகுதி பெற்றது 1957இல், 38ஆம் வயதில். கொழும்பில் ஒரு சந்தில் அடுத்தடுத்திருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, இடையே சிறு முற்றங்கள் விட்டு, ஒரே வீடாக்கினார். நம் சென்னையின் கன்னிமரா ஹோட்டலை 1970களில் புதுப்பித்தவரும் அவரே. நெருக்கடியான இடத்தில் வெளிச்சத்தைக் கொண்டுவருவது எப்படி என்பதற்கு அந்தக் கொழும்பு வீட்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இனி, எங்கே படிப்பது? சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மனையியலின் ஒரு பிரிவாக, உள்ளக வடிவமைப்புக்கு 3 ஆண்டு பி.எஸ்ஸி. பட்டம் உண்டு. ‘பி.டெஸ்.’ எனப்படும் வடிவமைப்புப் பட்டம் 4 ஆண்டு. அகமதாபாத்தின் ‘செப்ட்’ நிறுவனத்தில் 1991 முதலே இதற்குத் தனிப்பள்ளி இயங்குகிறது. கணிதம் படித்த மாணவியாயின், 5 ஆண்டு பி.ஆர்க். படித்துவிட்டுப் பிறகு உள்ளகத் துறைக்குத் திரும்புவதே எனக்கு மேலாகத் தோன்றுகிறது. அதற்கு ‘நாட்டா’ என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஏனெனில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பெயர்ப்பலகை மாட்டலாம். உள்ளக வடிவமைப்பாளருக்கு அத்தகைய சட்டக் காப்பு இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடலாம். எனவேதான் கடைத்தெருவின் மாடியில் ஆறு மாதச் சான்றிதழ் தரும் நிலையங்கள் பெருகிக் கிடக்கின்றன. பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டு, எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். கட்டணத்துக்கு அப்பால் வரைதாள், மாதிரி வடிவங்கள், அச்சுச் செலவு என்று ஒவ்வொரு பருவத்திலும் கைக்காசு கரையும். கடன் வாங்கத் தயங்கும் குடும்பங்கள் அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

மகளுக்கு உண்மையிலேயே நாட்டம் உண்டா என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. ஓர் அளவுநாடாவும் கட்டம் போட்ட தாளும் கொடுத்து, சொந்த வீட்டு அடுப்படியை அளந்து வரையச் சொல்லுங்கள். படங்களில் பார்த்த அழகுக்காக ஆசைப்பட்டவள் அரை மணியில் எழுந்துவிடுவாள்.

வேலை நடக்கும் கட்டடங்களில் ஆண்களுக்கு நடுவே பெண் நிற்பதா என்ற தயக்கத்தையும் சகோதரர் கடைசி வரியில் தெரிவித்திருக்கிறார். நியாயமான கவலை, துணையோடு செல்வது, நேரத்தை வரையறுப்பது எல்லாம் பேசி முடிவு செய்யக்கூடியவை. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் அடுப்படியை மாற்றியமைக்க வரும் ஒப்பந்தக்காரர் கூடத்தில் அமர்ந்து ஆண்களிடம் மட்டுமே பேசுகிறார். நாள் முழுதும் அங்கே நிற்கும் பெண் கதவுக்குப் பின்னாலிருந்து, மேடை சற்று உயரம் என்று மகனிடம் சொல்லி, மகன் தகப்பனாரிடம் சொல்லி, அது ஒப்பந்தக்காரரைச் சென்று சேர்வதற்குள் கருங்கல் பதித்து முடிந்திருக்கும். அளவுநாடாவோடு வருகிறவள் ஒரு பெண்ணானால், நேரே அடுப்படிக்குள் போய் அந்த அம்மாளையே மேடை முன் நிற்கவைத்து முழங்கையை அளந்துகொள்வாள்.