போனோ என்பது போனுக்கு அன்று



அண்மையில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டுப் பாட்டியம்மாள் பார்வை மங்கியவர். மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் நிகழ்ச்சியே பல்லாண்டுகளாக அவருக்குத் துணை. 2018 ஜூன் திங்களோடு அச்சிற்றலை ஒலிபரப்பு நின்று, நிகழ்ச்சிகள் இணையத்திற்கு மாறின. பேரனின் கைபேசியில் அவை கிடைக்கின்றன. ஆயினும் அதன் மெல்லிய குரல் பாட்டியின் செவிக்கு எட்டவில்லை.

கூடத்து அலமாரியில் தாத்தா வாங்கிய ஸ்டீரியோ பெட்டி, இரு பெரிய ஒலிபெருக்கிகளுடன் தூசி படிந்து கிடந்தது. "மாட்டிப் பார்த்தோம் ஐயா, ஒரே இரைச்சல். எடைக்குப் போட்டுவிடலாம் என்றிருக்கிறோம்" என்றார் மருமகள்.

பெட்டியின் பின்புறத்தைத் திருப்பியதும் காரணம் விளங்கிற்று. அங்கே 'போனோ' என்று எழுதிய துளையில் பையன் கம்பியைச் செருகியிருந்தான். போனோ என்றால் போனுக்கு உரியது என்று எண்ணிவிட்டான்! பிழை அவனுடையதன்று, அவன் பிறக்குமுன் வைத்த பெயர் அது. போனோ என்பது இசைத்தட்டுக் கருவிக்குரிய வாயில். இசைத்தட்டின் ஊசி தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மட்டுமே. கைபேசியோ அரை வோல்ட் அளவும் அதற்கு மேலும் தர வல்லது. அதாவது, நூறு மடங்கு. போதாக்குறைக்கு, அவ்வாயில் கனத்த ஒலிகளை உயர்த்தி, கூரிய ஒலிகளைத் தாழ்த்தும். இசைத்தட்டைப் பதிக்கும்போது செய்த மாற்றத்தை நேர்செய்வதற்கான ஏற்பாடு அது. இரைச்சல் எழாமல் என்ன செய்யும்?

கைபேசிக்கு உரிய வாயில் 'ஆக்ஸ்'. அஃது இல்லையேல் 'டேப் இன்'. 'டேப் அவுட்' உதவாது. அது ஒலி வெளியேறும் வழி. ஒலிபெருக்கிக் கம்பிகள் இணையும் முனைகளில் கைபேசியைப் பொருத்தவே கூடாது. அங்கு வரும் மின்னழுத்தம் கைபேசியைப் பாழாக்கிவிடும்.

வேண்டிய கம்பி ஒன்றே. ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் முள். மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரு முள்கள். சிவப்பு வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். பழைய டெலிபோன் நிலையங்களில் இணைப்புத் தருவோர் பலகையில் செருகிய முள்ளின் குட்டித் தம்பியே இந்த 3.5. 2016இல் ஐபோன் 7 அத்துளையைக் கைவிட்டது. பிற கைபேசிகள் பலவும் அவ்வழியே சென்றன. அத்தகைய கைபேசிக்கு, எண்வடிவ ஒலியை மின்னலையாக மாற்றித்தரும் சிறு இடைமுள் ஒன்றும் வாங்க வேண்டும். கம்பியில்லாமல் இணைக்கும் புளூடூத் பெட்டிகளும் உண்டு. ஆனால் மலிவானது கம்பியே.

செருகுமுன் பெட்டியை அணைத்து, ஒலியளவைக் கீழே வைக்கவும். கைபேசியின் ஒலியை முக்கால் பங்கிற்கு உயர்த்தி, எஞ்சியதைப் பெட்டியின் திருகில் கூட்டவும். 'ம்ம்' என்ற முனகல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே குற்றவாளி.

கம்பியை ஆக்ஸ் துளைக்கு மாற்றியதும் கூடம் நிறையத் தமிழ்க்குரல் எழுந்தது. பாட்டியம்மாள் நிமிர்ந்து அமர்ந்தார். சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு பேரனை நோக்கி, "கொஞ்சம் குறைடா, காது வலிக்குது" என்றார்.