வளைகுடா வேலை போனது. உதவித்தொகைக்குத் தடையாக நிற்கும் பழைய சம்பளம்

புதுதில்லி: வெளிநாட்டு வேலையை இழந்து தாயகம் திரும்பும் தொழிலாளர்களின் பிள்ளைகள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, குடும்பத்தின் இன்றைய நிலை பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. முந்தைய நிதியாண்டில் ஈட்டிய வருமானமே பொதுவாக அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. உதவி மிகவும் தேவைப்படும் முதல் ஆண்டிலேயே விண்ணப்பம் தள்ளுபடியாக இது வழிவகுக்கிறது.

பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகையைப் பெற, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் துறைத் திட்டத்தில் இந்த வரம்பு ரூ.4.5 லட்சம். பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ரூ.12,000 இத்திட்டத்தில் கிடைக்கும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், ரூ.8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ரூ.10 லட்சம் வரையிலான கல்விக் கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை வழங்குகிறது.

இவற்றில் ரூ.2.5 லட்சம் என்ற வரம்பை வளைகுடாச் சம்பளம் எளிதில் கடந்துவிடும். மாதம் 1,500 திர்ஹம் பெறும் தொழிலாளியின் ஆண்டு ஊதியம், ஒரு திர்ஹம் ரூ.23 எனக் கணக்கிட்டால், ரூ.4.14 லட்சம். உணவு, விசா கடன், ஊர் வந்து செல்லும் செலவு ஆகியவை இதிலிருந்து கழிக்கப்படுவதில்லை. அவர் பிப்ரவரியில் வேலையிழந்து திரும்பி, ஜூலையில் மகளைக் கல்லூரியில் சேர்த்தால், கையில் வருமானமே இல்லாத நிலையிலும் முந்தைய ஆண்டின் ரூ.4 லட்சம் குறுக்கே நிற்கும்.

பணிக்கொடை மற்றொரு சிக்கல். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும், அதன் பிறகு 30 நாள் ஊதியமும் பணிக்கொடையாகக் கிடைக்கும். பல ஆண்டு உழைப்புக்கான இத்தொகை மொத்தமாக வங்கியில் சேரும்போது, ஓராண்டு வருமானம் போலத் தோற்றமளிக்கிறது.

நிரூபிப்பதும் எளிதன்று. வெளிநாடுவாழ் இந்தியர் அங்கு ஈட்டும் சம்பளத்துக்கு இங்கு வருமான வரி இல்லை என்பதால், பலரிடம் வரிக் கணக்கு இருப்பதில்லை. வருவாய்த் துறை அதிகாரி விண்ணப்பதாரரின் உறுதிமொழியையும் உள்ளூர் விசாரணையையுமே நம்ப வேண்டியுள்ளது. இதனால் வருமானம் நின்றுபோனதை நேர்மையானவர் நிரூபிக்க இயலாமல் தவிக்க, உயர்ந்த சம்பளத்தை வேறொருவர் மறைத்துவிடவும் இடம் ஏற்படுகிறது.

வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான தனித் திட்டங்களும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2006-07இல் தொடங்கப்பட்ட புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்கான மத்திய உதவித்தொகைத் திட்டத்தில் உள்ள 150 இடங்களில் 50, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளில் பணிபுரியும் இந்தியத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உரியவை. பெற்றோர் அங்கு பணியில் இருப்பதே இதற்கு அடிப்படை. கேரள அரசின் நோர்கா அமைப்பு திரும்பி வந்தோரின் பிள்ளைகளுக்கும் ரூ.15,000 உதவித்தொகை வழங்குகிறது. ஆனால், அங்கும் வருமான வரம்பு உண்டு.

பிரச்சினையின் அளவு சிறிதன்று. கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி, அம்மாநிலத்தில் மட்டும் திரும்பி வந்தோரின் எண்ணிக்கை 2018இல் சுமார் 12 லட்சமாக இருந்து, 2023இல் சுமார் 18 லட்சமாக உயர்ந்தது.

இதற்குத் தீர்வு கண்ட முன்மாதிரி உண்டு. இங்கிலாந்தின் மாணவர் நிதி முறையில் முந்தைய வரியாண்டு வருமானமே அடிப்படை என்றாலும், குடும்ப வருமானம் 15 சதவீதமோ அதற்கு மேலோ குறையும் எனில், நடப்பாண்டு வருமானத்தின்படி மதிப்பிடக் கோரலாம். ஆண்டு முடிவில் உண்மையான தொகை சரிபார்க்கப்படும்.

இந்தியாவிலும் இத்தகைய விதிவிலக்கைச் செயல்படுத்த ஆவணங்கள் உள்ளன. விசா ரத்துச் சான்று, கடவுச்சீட்டில் உள்ள வருகை முத்திரை, நிறுவனத்தின் இறுதிக் கணக்குத் தீர்வுக் கடிதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், வேலை எப்போது முடிந்தது, எவ்வளவு தொகை பெறப்பட்டது என்பது தெரியவரும். இவற்றைச் சான்றாக ஏற்கவும், பணிக்கொடையை ஆண்டு வருமானத்தில் சேர்க்காதிருக்கவும் விதிகள் தெளிவாக வகுக்கப்பட்டால், பெற்றோரின் வேலையிழப்பு பிள்ளைகளின் படிப்பை நிறுத்தும் நிலையைத் தவிர்க்கலாம். அதுவரை, தாயகம் திரும்புவோர் இந்த ஆவணங்களைப் பத்திரப்படுத்தி, வருமானச் சான்று கோரும் விண்ணப்பத்துடன் இணைப்பதே அவர்களுக்குள்ள வழி.