மூடியும் இரண்டு காற்றுத்துளைகளும்

மொட்டை மாடியில் ஒரு மூலை, அல்லது வீட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்தியதுபோக மிஞ்சும் கொஞ்சம் தரை. நம் நகரங்களில் வெளியில் வைத்துச் சமைக்க ஆசைப்படும் குடும்பத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். அங்கே ஓர் அடுப்புதான் வைக்க முடியும். கடைக்குப் போனால் கேஸ் கிரில், மின்சார கிரில், மரத்தூள் உருளைகளில் ஓடும் பெல்லட் கிரில், முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு, புகையூட்டுவதற்கென்றே செய்த ஸ்மோக்கர், மடக்கி எடுத்துப்போகும் சின்னக் கரித்தொட்டி என்று பல வகை இருக்கின்றன. எதை விசாரித்தாலும் எல்லாச் சமையலும் அதிலேயே முடியும் என்றுதான் பதில் வருகிறது. ஒன்றே ஒன்று வாங்குவதானால் அது மூடியோடு கூடிய, மேலும் கீழும் காற்றுத்துளை உள்ள, 57 சென்டிமீட்டர் வட்டக் கரியடுப்பாக இருக்க வேண்டும் என்பதே என் முடிவு. கடைகளில் இதைக் கெட்டில் கிரில் என்கிறார்கள்.

பல வேலைக்கும் உதவும் அடுப்பு எது என்பதை பர்னர்களின் எண்ணிக்கையோ பக்கவாட்டுத் தட்டுகளோ முடிவு செய்வதில்லை. நெருப்பில் வெளியே சமைப்பது அடிப்படையில் மூன்று வேலைகள். இறால், மீன் துண்டு, மெல்லிய கறி, கத்திரிக்காய் போன்றவற்றைத் தணலுக்கு நேர் மேலே வைத்துச் சில நிமிடங்களில் சுட்டெடுப்பது ஒன்று. இதற்கு 250 டிகிரி செல்சியஸை ஒட்டிய கடும் சூடு வேண்டும். முழுக்கோழியை 180 டிகிரி அளவில், வெளியே கருகாமல் உள்ளே வேகும்படி ஒரு மணி நேரம் போல வைத்திருப்பது இன்னொன்று. ஆட்டுத் தொடையையோ தோள் கறியையோ 110 முதல் 120 டிகிரிக்குள் பல மணி நேரம் புகையோடு விட்டுவைப்பது மூன்றாவது. தசைநாரைப் பிணைத்திருக்கும் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைவதற்கு அந்த நேரம் வேண்டியிருக்கிறது. இந்த மூன்றுக்கும் மூன்று கருவி தேவையில்லை. கரி எவ்வளவு வேகமாக எரியும் என்பது அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜனைப் பொறுத்தது. கீழ்த்துளையைத் திறந்தால் காற்று நுழைகிறது. சூடேறிய காற்று மேல்துளை வழியே வெளியேறும்போது கீழிருந்து மேலும் காற்றை இழுக்கிறது. கீழ்த்துளையை முக்கால்வாசி மூடினால் தணல் அடங்குகிறது. சமைத்து முடித்து இரண்டையும் அடைத்துவிட்டால் நெருப்பு மெல்ல அணைந்து, மிச்சக் கரி அடுத்த சமையலுக்கு ஆகிறது. மூடியில்லாத அடுப்பில் இந்தப் பிடி நம் கையில் இல்லை. காற்று எப்படி வீசுகிறதோ அப்படித்தான் கரி எரியும்.

இந்த வடிவம் பிறந்ததே காற்றின் தொல்லையால்தான். அமெரிக்காவின் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற தகட்டு வேலைப் பட்டறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீபன், திறந்த அடுப்பில் காற்றோடும் மழையோடும் மல்லுக்கட்டிச் சலித்துப்போய், அங்கே செய்யப்பட்ட நீர்மிதவை உருண்டையின் ஒரு பாதிக்குக் கால் வைத்து, மறுபாதியை மூடியாக்கினார். இது 1952-இல் நடந்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அடுப்பின் அடிப்படை மாறவில்லை. மாலைக் கடற்காற்று அடிக்கும் சென்னை மொட்டை மாடிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. நான்காவது மாடியில் காற்று வீசும்போது மூடியில்லாத கரித்தொட்டியிலிருந்து பொறி பறந்து பக்கத்துக் கொடியில் காயும் துணியில் விழலாம். அங்கே மூடி சமையலுக்கு எவ்வளவு தேவையோ பாதுகாப்புக்கும் அவ்வளவு தேவை.

சின்ன இடத்துக்குச் சின்ன அடுப்பு என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மூடியுள்ள அடுப்பின் முழுப் பயனும் கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கத்தை வெறுமையாக விடுவதில் இருக்கிறது. கரிக்கு மேலே கடும் சூடு. காலிப் பக்கத்தில் மூடிக்குள் சுழலும் இதமான சூடு. கோழியைக் காலிப் பக்கத்தில் வேகவைத்து, கடைசி ஐந்து நிமிடம் தணலுக்கு மேல் நகர்த்தித் தோலை முறுகவிடலாம். 47 சென்டிமீட்டர் அடுப்பில் கம்பித்தட்டின் பரப்பு 57 சென்டிமீட்டர் அடுப்பில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதில் பாதியை வெறுமையாக விட்டால் ஒரு கோழிக்கே நெருக்கடி. தரையில் பெரியது கூடுதலாக அடைப்பதோ பத்து சென்டிமீட்டர். மெதுவாகப் புகையூட்டவும் இந்த அகலம் வேண்டும். ஒரே அளவான கரிக்கட்டிகளை உள்விளிம்பை ஒட்டி இரண்டிரண்டாக அரைவட்டத்துக்குச் சற்று மேல் அடுக்கி, ஒரு முனையில் மட்டும் தணலை வைத்தால், அது ஊதுபத்தி போல ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்ல எரிந்துபோகும். நடுவில் ஒரு தட்டில் தண்ணீர், கரியின் மேல் அங்கங்கே காய்ந்த கொய்யா அல்லது மாமரத் துண்டு, கீழ்த்துளை சிறிதளவே திறந்திருக்க, மேல்துளை திறந்தே இருக்க வேண்டும். ஐந்தாறு மணி நேரம் 120 டிகிரியை ஒட்டியே சூடு நிற்கும். தனி ஸ்மோக்கர் செய்வதும் இதையேதான். ஆனால் அதில் மீனைச் சட்டென்று சுட்டெடுக்க முடியாது. புகையிட்டுப் பதப்படுத்திய மீனின் சுவை நமக்குப் புதிதும் அல்ல. மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவிலும் சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, காயவைத்துச் செய்யும் மாசியைத் தென்கோடித் தமிழர்களும் ஈழத்தமிழர்களும் சம்பலிலும் குழம்பிலும் சேர்த்து வந்திருக்கிறார்கள்.

மற்ற அடுப்புகளுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். ஜப்பானியக் கமாடோ அடுப்பின் வழி வந்த பீங்கான் அடுப்பு சூட்டைத் தக்கவைப்பதில் கெட்டிலை வெல்லும். கொஞ்சம் கரியில் இரவு முழுவதும் நின்று எரியும். ஆனால் அட்லாண்டாவில் 1974 முதல் விற்கப்படும் பிக் கிரீன் எக்கின் பெரிய வகை 70 கிலோவுக்கு மேல் எடை. அதை மாடிப்படியில் ஏற்றுவது ஒரு பாடு, வாடகை வீடு மாறும்போது இறக்குவது இன்னொரு பாடு. கை தவறினால் பீங்கான் விரிசல் விடும். பெல்லட் கிரிலுக்கு மின்சாரமும் வேண்டும், உணவுக்கென்றே செய்த மரத்தூள் உருளையும் வேண்டும். இங்கே தொழிற்சாலைக் கொதிகலனுக்காக விற்கும் உருளைகளை அதில் போடக் கூடாது. அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று உணவுக்காக யாரும் சோதிப்பதில்லை. பட்டறையில் இரும்பு டிரம்மைப் பாதியாக வெட்டி அடுப்பாக்கினால் விலை குறையும் என்பது உண்மைதான். அந்த டிரம்மில் முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று தெரியாவிட்டால் வேண்டாம். துத்தநாகம் பூசிய தகடு என்றால் நிச்சயமாக வேண்டாம், கடும் சூட்டில் அதிலிருந்து வரும் ஆவி நஞ்சு. மூடி இறுக்கமாக உட்காராத டிரம்மில் காற்றையும் கட்டுப்படுத்த முடியாது.

வலுவான எதிர்வாதம் கேஸ் கிரிலின் பக்கம் இருக்கிறது. திருகினால் எரியும், பத்து நிமிடத்தில் சூடாகும், சாம்பல் கிடையாது. நிமிடங்களில் வெந்துவிடும் பண்டத்தில் கரிக்கும் கேஸுக்கும் சுவை வித்தியாசம் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சுட்ட கறியின் மணத்தில் பெரும்பங்கு, சொட்டும் கொழுப்பும் சாறும் சூட்டில் ஆவியாகித் திரும்ப மேலேறுவதால் வருகிறது. அது கேஸ் கிரிலிலும் நடக்கும். நெடுநேரச் சமையலில்தான் கேஸ் பின்தங்குகிறது. சிறிய கேஸ் கிரிலின் மூடி சூடான காற்று தாராளமாக வெளியேறும்படி அமைந்தது; குறைந்த சூட்டில் புகையை உள்ளே நிறுத்துவது கடினம். கூடவே ஒரு சிலிண்டரையும் மாடிக்கு ஏற்றி, வெயிலிலும் மழையிலும் காக்க வேண்டும். வாரத்தில் நான்கு நாள் அவசரச் சமையல், புகையில் ஆர்வமே இல்லை என்பவர்கள் கேஸ் வாங்கட்டும். ஒரே அடுப்பில் எல்லாமும் வேண்டும் என்பவர்களுக்கு அது போதாது.

கரிக்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கும் கரி கெட்டியானது, நன்றாகச் சூடு தரும்; கடும் தணலுக்கு அதுவே போதும். கொட்டாங்குச்சிக் கரியை அரைத்து அச்சில் வார்த்த கட்டிகள் சற்று விலை கூட என்றாலும் ஒரே அளவில், குறைந்த சாம்பலோடு, நிதானமாக எரியும். மெதுவான சமையலுக்கு அவற்றைப் பயன்படுத்தலாம். பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டாம், அதன் வாடை உணவில் ஏறும். பெட்ரோலை அருகில் கொண்டுவரவே கூடாது. அடியில் துளையுள்ள தகர உருளையில் கரியை நிரப்பி, கீழே கசக்கிய காகிதத்தைக் கொளுத்தினால் கால் மணி நேரத்தில் கங்கு தயார். அடுப்போடு வாங்க வேண்டிய இன்னொரு பொருள் கறிக்குள் செருகும் வெப்பமானி. மூடியில் இருக்கும் மானி மேல்காற்றின் சூட்டைத்தான் காட்டும். கோழியின் தடித்த பகுதி 74 டிகிரியை எட்டியதா என்பதை அது சொல்லாது.

கரியில் சுட்ட கறி உடலுக்குக் கெடுதல் என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. தசை இறைச்சியைக் கடும் சூட்டில் சமைக்கும்போதும், கொழுப்பு தணலில் சொட்டிப் புகையாகும்போதும் மரபணுவைப் பாதிக்கக்கூடிய சேர்மங்கள் உருவாகின்றன என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் விளக்குகிறது. மனிதர்களிடம் அதனால் புற்றுநோய் வருகிறது என்று இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. இறைச்சி நேரடித் தீயில் படாமல் பார்ப்பது, அடிக்கடி புரட்டிப்போடுவது, கருகியதை நீக்கிவிடுவது ஆகியவை அந்த நிறுவனம் சொல்லும் வழிகள். தணலை ஒரு பக்கம் ஒதுக்கி மறுபக்கத்தில் வேகவைக்கும் வசதி இந்த அடுப்பில் இருப்பதால், கொழுப்பு தணலில் சொட்டாமலே சமைக்க முடிகிறது. அந்த வசதி திறந்த கரித்தொட்டியில் கிடையாது.

இடம் என்று பால்கனி மட்டுமே இருப்பவர்களுக்கு என் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் மின்சார கிரில் வாங்கட்டும். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. வட இந்தியக் குளிரில் மூடிய அறைக்குள் அங்கீட்டி என்ற கரிச்சட்டியை வைத்துத் தூங்கியவர்கள் இறந்துபோன செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீத்தடுப்பு விதித்தொகுப்பு, எரியக்கூடிய பால்கனியிலும் எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளும் கரியடுப்பை எரிக்கத் தடை விதித்து, ஒன்றிரண்டு குடும்பம் வாழும் தனி வீடுகளுக்கும் தானியங்கி நீர்த்தெளிப்பான் பொருத்திய கட்டடங்களுக்கும் மட்டும் விலக்கு தருகிறது. நம் பால்கனிகள் கான்கிரீட்தான். ஆனாலும் திரைச்சீலை, ஏசியின் வெளிப்பெட்டி, பிளாஸ்டிக் குழாய் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, மேல்வீட்டு ஜன்னல் தலைக்கு மேலேயே திறந்திருக்கிறது.

அந்த மேல்வீட்டுக்காரரின் சங்கடமும் நியாயமானது. ஈரக் கரியும் பச்சை மரமும்தான் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகையைக் கக்கும். நன்றாகக் கனிந்த தணலில் மெல்லிய நீலப் புகையே வரும் என்றாலும், அதைப் பொறுத்துக்கொள்ள அவருக்குக் கடமையில்லை. ஆகவே அடுக்ககச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். மொட்டை மாடியில் கரியடுப்பே கூடாது என்று ஒரு வரியில் தடை போடுவதைவிட, தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் தள்ளி ஒரு மூலையை ஒதுக்குங்கள். சமைக்கும் நாளையும் நேரத்தையும் அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாளி மணலும், சாம்பலை ஒரு நாள் முழுக்க ஆறவிட மூடியுள்ள இரும்பு டப்பாவும் அங்கே இருக்கட்டும். முடிந்தால் வீட்டுக்கு ஒன்று வாங்குவதற்குப் பதில், கட்டடத்துக்கே பொதுவாக ஒரு 57 சென்டிமீட்டர் அடுப்பை வாங்கி வையுங்கள்.